'போதல்' என்னும் வினை: சாம்பல்தீவுக் கொப்பியொன்றின் பிரெஞ்சுத் தொடர்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் சாம்பல்தீவிலே, நிலாவெளி வீதியையொட்டிய வீடொன்றில், பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றினைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. குறுக்கும் நெடுக்கும் நுண்கோடுகளிட்ட, பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கும் கொப்பி அது. எண்பதுகளின் பிற்பகுதியிற் பாரிசுக்குச் சென்ற ஒருவர் தமது முதலிரு ஆண்டுகளில் அங்குக் கேட்ட தொடர்களைத் தமிழெழுத்தில் எழுதி, எதிரே அவற்றின் பொருளையும் பேச்சுத் தமிழிற் குறித்து வைத்திருந்தார். இலக்கணப் புத்தகம் எதனையும் அவர் பார்த்திருக்கவில்லை. உணவகச் சமையற்கட்டிலும் சுரங்க இரயில் நிலையத்திலும் அரச கந்தோர்களின் வரிசைகளிலும் காதில் விழுந்தவையே அவரது பாடநூல். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் முதன்முறையாக ஊருக்கு வந்தபோது அதனைத் தமக்கையின் மகனிடம் கொடுத்துச் சென்றார். பிரெஞ்சு மொழியை நூல்வழி ஓரளவு கற்றிருந்த எம்மிடம் அதன் ஒரு பக்கத்தை விளக்குமாறு கேட்டவர் அந்த இளைஞரே.

அப்பக்கத்தில் இருந்த தொடர்கள் அனைத்தும் ஒரே வினையடியாகப் பிறந்தவை. பிரெஞ்சு மொழியில் 'அலே' என்பது தமிழின் 'போதல்'. ஆனால் கொப்பியிலே 'ஸ வா' என்பதற்கு எதிரே 'சுகமோ' என்றும், அதன் கீழே மீண்டும் 'ஸ வா' என எழுதி 'சுகம்' என்றும், சிறிது தள்ளி 'ஸ வா' எனவே எழுதிக் 'காணும், போதும்' என்றும் இருந்தது. 'போறதுக்கும் சுகத்துக்கும் என்ன தொடர்பு? மாமா பிழையாக எழுதிப்போட்டாரோ?' என இளைஞர் வினவினார். மாமா பிழையாக எழுதவில்லை. மூன்று இடங்களிற் கேட்டதனை மூன்று இடங்களிற் கேட்டபடியே எழுதியிருக்கிறார். அகராதி சொல்லின் பொருளைத் தரும். இக்கொப்பியோ யார் யாருக்கு எந்நிலையிற் கூறினார் என்பதனைத் தருகின்றது. அன்றாடத் தொடர்களைப் பொறுத்தவரை இவ்விரண்டாவதே பொருளென்பது எமது கருத்து. அக்கருத்தினை இக்கொப்பியின் துணைகொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருகோணமலைக்கும் பிரெஞ்சு மொழிக்கும் இடையிலான தொடர்பு எண்பதுகளில் தொடங்கியதன்று. 1672ஆம் ஆண்டிலே தெ லா ஹே என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவினுட் புகுந்து, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு உறவுகொண்டு, இங்கு நிலைகொள்ள முயன்றது. ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே அம்முயற்சியை முறியடித்தனர். நூற்றுப்பத்து ஆண்டுகளின் பின்னர், 1782 ஆகஸ்ட் இறுதியில், சுஃப்ரென் என்னும் கடற்படைத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டைகளைக் கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே ஆங்கிலத் தளபதி ஹியூசின் கப்பல்களோடு அவர் பொருதிய போர் கடற்படை வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுவது. 1783ஆம் ஆண்டுச் சமாதான ஏற்பாடுகளினால் துறைமுகம் ஒல்லாந்தர் கைக்கு மீண்டது. 1795இல் ஆங்கிலேயர் அதனை எடுத்துக்கொண்டனர்.

இவ்வாறு வந்துபோன பிரெஞ்சுக்காரரின் மொழி இம்மண்ணில் வேரூன்றவில்லை. போர்த்துக்கேயர் கதிரையையும் அலுமாரியையும் சப்பாத்தையும் குசினியையும் விட்டுச் சென்றனர். ஒல்லாந்தர் கந்தோரை விட்டுச் சென்றனர். ஆட்சியும் வணிகமும் வரியும் ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வினுள் ஊடுருவும்போதே அதன் மொழியும் ஊடுருவும். நங்கூரமிட்டு நீரேற்றிச் செல்லும் கடற்படைக்கு ஊர்மக்களோடு அத்தகைய உறவு தேவைப்படவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நிலைமை வேறாயிருந்தது. 1954 வரை நீடித்த ஆட்சியின் கீழ் அங்கு ஒரு மத்தியதர வர்க்கம் பிரெஞ்சு மொழியைக் கல்லூரியிலும் நீதிமன்றிலும் கற்றது. முசே, துய்ப்புயி ஆகிய பாதிரிமாரின் தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855 முதல் புதுச்சேரியில் வெளிவந்தது. அங்கே பிரெஞ்சு மொழி ஏணியாக இருந்தது. மேலே உள்ள படிகளிலிருந்து கற்கப்பட்டது. எமது கொப்பிக்காரர் கற்றதோ ஏணியின் அடியில் நின்று. இருவருக்கும் வினை ஒன்றே, பாடம் ஒன்றன்று.

எண்பதுகளில் நடந்தது என்ன என்பதனை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1983 முதல் திருகோணமலை மாவட்டத் தமிழ்க் கிராமங்கள் பட்ட அழிவுகளும் மீண்டும் மீண்டும் நேர்ந்த இடப்பெயர்வுகளும் வாசகர் அறிந்தவை. துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தோரின் மொழியை இருநூறு ஆண்டுகளாக அறியாதிருந்த ஊர், அவர்களது தலைநகரின் சமையற்கட்டுக்குச் சென்று அதனைக் கற்கலாயிற்று.

இனி அந்த வினைக்கு வருவோம். 'அலே' என்பது பார்வைக்கு ஒரு வினை, உண்மையில் மூன்று வினைகளின் கூட்டு. 'நான் போகிறேன்' என்பது 'ஜ வே'. 'அவன் போகிறான்' 'இல் வா'. 'நாம் போகிறோம்' 'நூஸ் அலோன்'. 'நான் போவேன்' 'ஜிரே'. முதலிரண்டும் இலத்தீனின் 'வாதெரே' என்னும் வினையிலிருந்து வந்தவை. எதிர்கால வடிவம் 'ஈரே' என்னும் பழைய வினையின் எச்சம். 'அல்' எனத் தொடங்குவன எங்கிருந்து வந்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடத்தல் எனப் பொருள்படும் 'அம்புலாரே'யின் தேய்ந்த வடிவமென்பதே பெரும்பான்மைக் கருத்து. இலக்கிய இலத்தீனின் 'ஈரே' ஓரசை வடிவங்களாய்ச் சிறுத்துப் பேச்சிலே காதிற் பிடிபடாமற் போக, அன்றாட மக்களின் வாயிலிருந்த ஓசை வலுவுள்ள சொற்கள் அதன் இடத்தை நிரப்பின. செம்மொழியின் வினையைப் பேச்சுமொழி வினைகள் இடம்பெயர்த்த வரலாறு இது. செந்தமிழ், கொடுந்தமிழ் வழக்காறுகளை ஆராயும் எமக்கு இது புதுமையன்று.

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டித்தல் அவசியமாகின்றது. பிரெஞ்சு 'வா' தமிழ் 'வா' என்பதன் திரிபென்றும், 'அலே' என்பது 'அலை' என்னும் தமிழ்ச் சொல்லே என்றும் கூறி மகிழ்வார் எம்மிடையே உளர். ஓசையொப்புமையை மட்டும் கொண்டு உலக மொழிகள் அனைத்தையும் தமிழிலிருந்து பிறப்பிக்கும் இம்முயற்சி மொழியியலன்று. தாழ்வுணர்ச்சி சூடிய பெருமித வேடமே அது. பிரெஞ்சு 'வா' போவென்னும் ஏவல். தமிழ் 'வா' அதற்கு நேரெதிர். இத்தற்செயல் ஒற்றுமை எதனையும் நிறுவாது. கற்போனைத் தடுமாறச் செய்வது ஒன்றே அதன் பயன். மேற்பார்வையாளன் 'வா' என்றதும் அவனருகே சென்று நின்றதாகக் கொப்பியின் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. 'வா ஸி' என்பதற்குப் பக்கத்திலோ, 'வாசி இல்லை' என எழுதிக் கீழ்க்கோடிட்டிருக்கிறார். எதனையோ வாசிக்கச் சொல்லுகிறார்கள் என முதலில் எண்ணினார் போலும்.

ஓசையில் இல்லாத உறவு அமைப்பில் உண்டு; அது கவனத்துக்குரியது. 'நான் சாப்பிடப் போறன்' என்பதனைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் வைத்தால் 'ஜ வே மான்ஜே' என்னும் வழக்கமான பிரெஞ்சுத் தொடரே கிடைக்கும். செயவெனெச்சத்தோடு போதல் வினையைச் சேர்த்து அண்மை எதிர்காலத்தை உணர்த்தும் முறை இரு மொழிக்கும் பொது. இவ்வொற்றுமைக்கும் இரத்த உறவு காரணமன்று. செயலை நோக்கி நடந்து செல்பவன் அச்செயலுக்கு முன்னே நிற்கிறான் என்னும் உழைப்பு வாழ்வின் அனுபவம் பல சமூகங்களில் தனித்தனியே இலக்கணமாக இறுகியிருக்கிறது. ஆயினும் இதுவும் இயற்கை விதியன்று. பிரெஞ்சின் அண்டை மொழியான கத்தலான் இதே அமைப்பை, போதல் வினையோடு எச்சத்தைச் சேர்த்து, இறந்த காலத்துக்குப் பயன்படுத்துகிறது. அங்கே 'சாப்பிடப் போகிறேன்' என்னும் வடிவத்துக்குச் 'சாப்பிட்டேன்' என்பது பொருள். ஒரே கல்லைக் கொண்டு ஒருவர் வாசற்படியும் மற்றவர் எல்லைக்கல்லும் செய்கின்றனர்.

தமிழரான இளைஞருக்கு இந்த எதிர்கால அமைப்பு ஐந்து நிமிடத்தில் விளங்கிற்று. ஆங்கிலத்தின் வழியாக அதனை விளக்கும் நூல்கள் ஓர் அத்தியாயம் எழுதுகின்றன. எமது நாட்டிலே பிறமொழிகள் ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்பிக்கப்படுதலின் அவலத்தை இச்சிறு விடயமும் காட்டும்.

'ஸ வா' என்பதற்குத் திரும்புவோம். 'அது போகிறது' என்பதே நேர்ப்பொருள். 'எப்பிடிப் போகுது?' 'ஏதோ போகுது' என நாமும் கேட்டும் கூறியும் வருகிறோம் அன்றோ? வாழ்க்கை ஓட்டமாகக் கருதப்பட்டு, ஓடினாற் சுகம், நின்றால் துன்பம் எனக் கொள்ளப்படுகிறது. சற்று மதிப்போடு கேட்பதாயின் 'கொமான் தலே வூ', அதாவது 'எப்படிப் போகிறீர்கள்'. போவது அங்கே மனிதரேயாகிவிடுகிறார். இதன் தொடக்கம் மலங்கழித்தல் பற்றிய மருத்துவ விசாரிப்பென்று ஒரு கதை பிரான்சில் வழங்குகிறது. அக்கதையை அகராதி அறிஞர் எளிதில் ஏற்பதில்லை. ஆயினும் மருத்துவர் இன்றும் அக்கருமத்தைப் போதல் வினையாலேயே கேட்கின்றனர் என்பது உண்மை. 'வெளிக்குப் போதல்' என்னும் எமது வழக்கை அறிந்தோர் இதிலே வியப்படையார். உடலின் தேவைகளைக் குறிக்க மொழிகள் ஏனோ கால்களைத் துணைக்கழைக்கின்றன.

'காணும், போதும்' என்று கொப்பி தரும் மூன்றாவது பொருளும் சரியானதே. தட்டில் உணவு இடும்போது கையமர்த்தி 'ஸ வா' எனலாம். சட்டை ஒருவருக்குப் பொருந்தினால் அது அவருக்குப் 'போகிறது' என்பர். 'இந்தக் காசு செல்லும்', 'செல்லாக் காசு' என நாம் கூறுமிடத்துச் செல்லுதல் என்னும் வினை செல்லுபடியாதலைக் குறித்தல் போன்றது இது. புழக்கத்திற் செல்வது எதுவோ அதுவே ஏற்புடையது. சொல்லத் தேவையில்லை என்பதற்குப் பிரெஞ்சில் 'சொல்லாமலே போகும்' என்பர். இதே வினையின் எதிர்காலமான 'ஸ இரா', அதாவது 'சரிவரும்' என்னும் சாதாரண ஆறுதல் மொழி, 1790இல் பாரிஸ் மக்களின் புரட்சிப் பாடலொன்றின் பெயராயிற்று. பிரெஞ்சில் எதிர்காலம் போய்ச் சரியாகிறது, தமிழில் வந்து சரியாகிறது. 'எல்லாம் சரிவரும்' என்றே எமது தாய்மார் கூறுவர்.

எமது கொப்பிக்காரர் இத்தொடர்களைக் கற்ற இடம் உணவகமொன்றின் பின்புறம். 'கோப்பை கழுவுதல்' என எம்மவர் கூறும் அவ்வேலைக்கு அங்கே 'பிளோஞ்' என்று பெயர். நீரில் முழுகுதல் என்பது நேர்ப்பொருள். ஜோர்ஜ் ஓர்வெல் 1933இல் வெளியிட்ட தமது முதல் நூலிலே பாரிஸ் விடுதிகளின் நிலவறைகளில் இவ்வேலை செய்தோரின் வாழ்வை எழுதினார். அவ்விடத்துக்கு அரை நூற்றாண்டின் பின் தமிழர் சென்று சேர்ந்தனர். அங்கு அவருக்கு அறிமுகமான முதற் சொல் 'குயிசின்', அதாவது சமையற்கட்டு. ஊரிலே தாம் குசினியென்று வழங்கியதன் உடன்பிறப்பே அதுவென்பதனை அவர் கண்டுபிடித்துக் கொப்பியில் வியப்புக்குறி இட்டிருக்கிறார். போர்த்துக்கேயச் சொல்லும் பிரெஞ்சுச் சொல்லும் ஒரே இலத்தீன் அடுப்படியிலிருந்து வந்தவை. ஓசையொப்புமைப் பிரியர் எவரும் கண்டுகொள்ளாத மெய்யான உறவொன்று, கோப்பை கழுவியவர் கண்ணிற்பட்டிருக்கிறது.

இச்சமையற்கட்டிலேதான் ஏவல் வடிவங்களின் பாடம் நடந்தது. ஒருமையில் 'வா ஸி', பன்மையில் 'அலே ஸி'. 'ஸி' என ஒலிப்பதன் பின்பகுதி 'அங்கு' எனப் பொருள்படும் ஓரெழுத்துச் சொல். எனவே 'அங்கே போ' என்பது நேர்ப்பொருளாயினும், 'தொடங்கு', 'நடத்து', 'சொல்லு', 'தயங்காதே' என இடத்துக்கேற்பப் பொருள்படும். அதற்கு மறுதலையாக 'அங்கிருந்து' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்தால் 'வா தான்', 'அலே வூஸான்' என விரட்டுமொழியாகிவிடும். ஒரே வினை, ஒரே ஏவல். ஓரெழுத்து மாறினால் ஊக்கம் துரத்தலாகிறது. கொப்பி இவற்றை எவ்வாறு குறிக்கிறது என்பது நோக்கத்தக்கது. 'வா ஸி' என்பதற்கு எதிரே 'கெதியாச் செய்' என்றும், 'அலே ஸி' என்பதற்கு எதிரே 'கந்தோரில சொல்லுறது, சொல்லுங்கோ எண்டு' என்றும், 'வா தான்' என்பதற்கு எதிரே 'கலைக்கிறது' என்றும் உள்ளன. இலக்கண நூலின் ஒருமை, பன்மை இங்கே சமையற்கட்டு, கந்தோர் என்னும் வேறுபாடாக மாறியிருக்கிறது.

பன்மையை மதிப்புக்கு வழங்குதல் இரு மொழிக்கும் பொது. நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளையும், அவற்றுக்கேற்பப் போ, போம், போங்கோ என மூன்று ஏவல்களையும் கொண்ட ஈழத்துப் பேச்சு வழக்கிலிருந்து செல்பவனுக்கு 'தியூ', 'வூ' என்னும் இரண்டு படிகள் கடினமானவை அல்ல. ஆனால் எமது மூன்று படிகளையும் யாருக்கு எவற்றை வழங்குவது என்பதனைச் சாதியே பெரிதும் தீர்மானித்து வந்தது. தாழ்த்தப்பட்டோர் தந்தை வயதினராயினும் அவர்களைப் 'போ', 'வா' என்ற சிறுவர்களை எமது கிராமங்கள் நீண்டகாலம் கண்டன. ஊரிலே பிறரைப் 'போ' என்று பழகியவரும் 'போ' என்றே கேட்டுப் பழகியவரும் பாரிசின் சமையற்கட்டில் அருகருகே நின்று, தம்மிலும் இளையவனான சமையற்காரனிடமிருந்து ஒரே 'வா ஸி'யைக் கேட்கின்றனர். முன்னவருக்கு அது இழிவாகப்பட்டிருக்கும். பின்னவருக்கு அதிற் புதுமை இராது. மூலதனம் சாதியை ஒழித்துவிட்டது என இதனைக் கொண்டு முடிவுகட்டுதல் தவறு. பாரிசிலும் திருமணப் பேச்சென்று வந்தவுடன் சாதி தலைதூக்குவதனை நாம் அறிவோம். எனினும் ஏவலின் முன்னால் ஏற்பட்ட அந்தக் கட்டாயச் சமத்துவத்துக்கும் ஒரு வரலாற்றுப் பெறுமதி உண்டு.

'தியூ' என்பது தன்னளவில் இழிவன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1793இலே புரட்சியாளர் 'வூ'வினைப் பிரபுத்துவத்தின் எச்சமெனத் தள்ளி, அனைவரையும் 'தியூ' என விளிக்க வேண்டுமென்றனர். சில ஆண்டுகளில் அந்நடைமுறை மங்கியது. ஆயினும் தொழிற்சங்கங்களிலும் இடதுசாரி இயக்கங்களிலும் தோழமையின் விளியாக 'தியூ' நிலைத்திருக்கிறது. தோழன் கூறும் 'வா ஸி'க்கும் முதலாளி கூறும் 'வா ஸி'க்கும் ஓசையில் வேறுபாடில்லை. வேறுபாட்டை அறிய, யார் கையிற் சம்பளப் பட்டியல் இருக்கிறது என்பதனைப் பார்த்தல் வேண்டும்.

கொப்பியிலே எம்மை மிகவும் கவர்ந்த குறிப்பு 'ஓன் நி வா' என்பது பற்றியது. எதிரே இரண்டு வரிகள் உள்ளன: 'முதலாளி சொன்னால், வேலை தொடங்கு. பெடியள் சொன்னால், வீட்ட போவம்.' எந்தப் பிரெஞ்சு இலக்கண நூலிலும் இத்துணைத் தெளிவான விளக்கத்தை நாம் கண்டதில்லை. 'ஓன்' என்னும் சொல் மனிதன் எனப் பொருள்படும் இலத்தீன் 'ஹோமோ'விலிருந்து வந்தது. வடிவத்தில் அது படர்க்கை ஒருமை. பேச்சில் அதுவே தன்மைப் பன்மையாக வழங்குகிறது. 'மனிதன் அங்கே போகிறான்' என்று கூறி 'போவோம்' என்று உணர்த்துகின்றனர். தமிழில் இப்பன்மை இரண்டாகப் பிரியும்: கேட்போனை உள்ளடக்கும் நாம், அவனை விலக்கும் நாங்கள். பிரெஞ்சில் அப்பிரிவு இல்லை. எனவே 'ஓன் நி வா' என்பதனைக் கேட்கும் தமிழன், இதில் நான் இருக்கிறேனா எனத் தனக்குள் வினவியே தீரவேண்டும். முதலாளியின் 'ஓன்' நாம் போல் ஒலித்து, ஆதாயம் பகிருமிடத்து நாங்களாகச் சுருங்கும். 2008 ஏப்ரல் 15ஆம் திகதி பாரிசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வதிவிட அனுமதியற்ற தொழிலாளர் பலர், உணவகச் சமையற்கட்டுகளில் உழைத்தோர் உட்பட, சி.ஜி.ரி. தொழிற்சங்கத்தின் துணையோடு வேலைத்தலங்களிலேயே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களிற் பெரும்பாலார் மேற்கு ஆபிரிக்கர். அத்தகைய பொழுதிற் கூறப்படும் 'ஓன்' தமிழின் நாமுக்கு மிக அருகில் வருகிறது.

இத்தொடர்களை அறிதல் இன்று வேறொரு வகையிலும் வாழ்வாதாரப் பிரச்சினையாகிவிட்டது. 2024 ஜனவரி 26ஆம் திகதிய பிரெஞ்சுச் சட்டம், பல்லாண்டு வதிவிட அனுமதியையும் நீண்டகால வதிவிட அட்டையையும் குடியுரிமையையும் வேண்டுவோருக்கு முறையே ஏ2, பி1, பி2 என்னும் மொழித்தரங்களை வகுத்திருக்கிறது. ஐரோப்பிய மொழித்தேர்வுகளின் இத்தரங்களை இருபது ஆண்டுகள் கோப்பை கழுவியவரும் எட்டுதல் வேண்டும். சமையற்கட்டு கற்பித்த மொழியோ ஏவல்களின் மொழி. கேட்டுச் செய்வதற்கு அது போதும். உட்கார்ந்து கட்டுரை எழுதுவதற்குப் போதாது. மனிதரின் உழைப்பு எவ்விடத்தில் தேவைப்பட்டதோ அவ்விடத்துக்கு வேண்டிய அளவு மொழியே அவருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அவ்வளவுதானா உன் மொழி என்று கேட்கப்படுகிறது.

விடைபெறுதலுக்குரிய தொடர்கள் கொப்பியின் அப்பக்க அடியில் இருந்தன. 'போயிட்டு வாறன்' எனத் தமிழை முதலில் எழுதி, எதிரே 'ஜி வே' என்று குறித்து, பின் அதனை வெட்டி 'ஜ மான் வே' என எழுதி, அதனையும் வெட்டியிருந்தார். முன்னையது 'அங்கே போகிறேன்', பின்னையது 'இங்கிருந்து போகிறேன்'. 'வாறன்' என்பது இரண்டிலும் இல்லை. சற்றைக்கெனப் பிரிவோன் 'திரும்பி வருகிறேன்' என்று கூறுவதுண்டு. வழக்கமான விடைமொழியான 'ஒ ரவுவார்' மீண்டும் காணும் வரைக்கும் எனப் பொருள்படும். ஆகவே மீளுதல் என்னும் எண்ணம் பிரெஞ்சிலும் இல்லாமலில்லை. அதனைப் போதலோடு ஒரே மூச்சிற் கட்டிக் கூறும் வழக்கமே அங்கில்லை.

'போய் வருகிறேன்' என்பதனைத் தமிழர் பண்பாட்டின் தனிப்பெருஞ் சிறப்பென மேடைகளிற் போற்றுவர். இதனை நாம் அவ்வாறு நோக்கவில்லை. போதல் என்னும் வினை சாவையும் குறிக்குமாதலின் அதனைத் தனியே கூற அஞ்சியதே இவ்வழக்கின் ஒரு காரணம். 'ஆள் போயிட்டார்' என்றால் எமக்கு விளங்கும். பிரெஞ்சுக்காரரும் இறந்தவரைப் பற்றி 'இங்கிருந்து போய்விட்டார்' என்றே மெல்லக் கூறுவர். அச்சம் அங்கும் உண்டு. மற்றைய காரணம் பொருளியல் சார்ந்தது. சாம்பல்தீவு போன்ற ஊரிலே மனிதர் போன இடங்கள் எவை? வயல், களப்பு, கடல், நகரச் சந்தை. இரவு கடலுக்குப் போனவன் விடியலில் வருவான். சந்தைக்குப் போனவள் மத்தியானம் வருவாள். போனவர் வருதல் அன்றாட உற்பத்தியின் ஒழுங்கு. அவ்வொழுங்கின் மொழியே 'போயிட்டு வாறன்'. கடல் சிலவேளை அவ்வொழுங்கை மீறும் என்பதனாலேயே அத்தொடரை மறவாது கூறினர்.

அவ்வொழுங்கு குலைந்த பின்னரும் தொடர் எஞ்சி நிற்கிறது. கொப்பிக்காரர் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்றும் தமக்கையிடம் 'போயிட்டு வாறன்' என்றே கூறினாராம். பாரிசில் அவருக்கு அகதி நிலை கிடைத்தது. 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழி அகதிக்கு வழங்கப்படும் பயணப் பத்திரம் பல நாடுகளுக்குச் செல்லும். எந்நாட்டிலிருந்து தப்பினாரோ அந்நாட்டுக்கு மட்டும் செல்லாது. எங்கும் போகலாம், ஊருக்கு மட்டும் வரவியலாது. தமிழ் விடைமொழியின் இரண்டாம் பகுதியை அப்பத்திரம் சட்டப்படி நீக்கிவிடுகிறது. கொப்பியில் இரண்டு முறை வெட்டப்பட்டிருந்தமைக்கு அவரது பிரெஞ்சறிவின் போதாமை மட்டுமே காரணமென்று எமக்குத் தோன்றவில்லை.

பல்லாண்டுகளின் பின்னர் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்; அக்கடவுச்சீட்டிலேயே, முப்பது நாட் சுற்றுலா அனுமதியுடன், ஊருக்கு வந்தார். பிரயாணச் சீட்டு 'அலே ரதூர்', அதாவது போய்வரும் சீட்டு. ஒருவழிச் சீட்டு 'அலே செம்பிள்', வெறும் போதல். இவ்விரு தொடர்களையும் விளக்கியபோது இளைஞர் எம்மிடம் கேட்டார்: 'மாமாவின்ர சீட்டில போறது எது, வாறது எது?' சீட்டின்படி பாரிசிலிருந்து கொழும்புக்குப் பறந்தது போதல். சாம்பல்தீவிலிருந்து பாரிசுக்கு மீண்டது வருதல்.

இப்பொழுது அவர் தமக்கையுடன் தொலைபேசியிற் பேசுகிறார், பெரும்பாலும் ஞாயிறு மாலைகளில். நாம் அங்கிருந்த நாளிலும் பேசினார். மழை எப்படி, களப்பில் இறால் பட்டதா, பிள்ளையின் பிரெஞ்சு எந்தளவில் என்றெல்லாம் விசாரிப்பு நடந்தது. ஒலிபெருக்கியில் அவரது குரலைக் கேட்ட இளைஞர் 'ஸ வா?' என்றார், மறுபுறத்தில் சிரிப்பு எழுந்தது. பேச்சு முடியும் தறுவாயில் தமக்கையார் 'சரி தம்பி' என்றார். அவர், 'சரியக்கா, வைக்கிறன்' என்றார்.